வீட்டுக்கு ஒரு பதில்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத இருப்பவை:

1. நலம் விசாரிப்பு.
2. செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறேன் என்ற ஒப்புதல்.
3. உன் வார்டில் உனக்கு எத்தனை பேர் ஓட்டுப் போடுவார்கள் என்ற விவரம்.
4. அதனால் நீ என்ன செய்வது நல்லது என்ற என் அபிப்பிராயம்.
5. அந்த அபிப்பிராயத்துக்காக முன்கூட்டியே மன்னிப்பு.

போனில் மூன்று முறை முயன்றேன். நான்காம் முறை நீ எடுத்து, "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. வாயால சொன்னா அடுத்த நிமிஷமே பாதியை வாபஸ் வாங்கிடுவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். நியாயமான குற்றச்சாட்டுதான். ஆகவே எழுதுகிறேன்.

முதலாவது: நாங்கள் இருவரும் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான தயக்கம். நீயும் மகனும் மருமகளும் நலமென்று நம்புகிறேன்.

இரண்டாவது: புள்ளிவிவரத் துறையில் ஓய்வு பெற்ற பிறகு, வாரம் மூன்று நாள் ஒரு கருத்துக்கணிப்பு அலுவலகத்துக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். முன்பு என்னிடம் வேலை பார்த்தவர்தான் அங்கே இயக்குநர். நகரசபைத் தேர்தலுக்காக ஒரு பத்திரிகை எங்களிடம் கணிப்புக் கேட்டிருக்கிறது. அதில் உன் ஊரும் உண்டு. நான்காம் வார்டின் படிவங்கள் போன வாரம் என் மேஜைக்கு வந்தன. பதினாறாம் தேதி பத்திரிகையில் வரும்வரை அந்த எண்களை வெளியே சொல்லக் கூடாது. நாற்பது வருடத்தில் ஒரு எண்ணைக்கூட நான் வெளியே சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

மூன்றாவது: மரக்கடைக்காரர் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. வக்கீல் இருபத்தேழு. இன்னும் முடிவு செய்யாதவர்கள் பதின்மூன்று. நீ எட்டு.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன். எண் மாறவில்லை.

பன்னிரண்டு படுக்கை உள்ள உங்கள் பிரசவ மருத்துவமனையை இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கக் கூடாது என்பதற்காக நீ நிற்கிறாய். அங்கே முப்பத்தொரு வருடம் உதவிச் செவிலியாக இருந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஓட்டு விழும் விதம் வேறு. சலவை ஆலைக் குடியிருப்பு முழுக்க மரக்கடைக்காரர் பக்கம். கடந்த மூன்று தேர்தலிலும் அப்படித்தான். கடைத்தெரு வக்கீலுக்கு. வீட்டில் ஆண் எந்தப் பக்கமோ, அந்த வீடே அந்தப் பக்கம். பழைய அட்டவணைகள் இப்படித்தான் காட்டுகின்றன.

நான்காவது: வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் இருபத்தொன்று. மருத்துவமனை விஷயத்தைப் பரிசீலிப்பதாக வக்கீல் சொல்லியிருக்கிறாராம். கௌரவமாக ஒதுங்கி அவருக்கு ஆதரவு கொடுத்தால் மருத்துவமனைக்கு ஏதோ ஒரு வாய்ப்பு மிஞ்சும். எட்டு சதவீதத்தோடு தோற்றால் அதுவும் இல்லை. ஊரார் முன்னால் நீ தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாவதுக்குத் தாளில் இடமில்லை.

அண்ணன்


மார்ச் 8

அண்ணாவுக்கு,

உங்கள் எட்டு வந்து சேர்ந்தது. நலமா என்று கேட்டிருந்தீர்கள். கடிதம் வரும்வரை நலமாகத்தான் இருந்தேன்.

உங்கள் கணிப்புக்காரர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். படிவத்தில் வீட்டு எண் மட்டும் இருப்பதால் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிப்ரவரி கடைசி ஞாயிறு, காலை பதினோரு மணி. நல்ல மனிதர், வெயிலில் வாடிப் போயிருந்தார். நான் பின்கட்டில் துணி துவைத்துவிட்டு ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்றேன். என் மகன் வாசலில்.

"வீட்டுல எத்தனை ஓட்டு சார்?"

"மூணு."

"யாருக்குப் போடறதா இருக்கீங்க?"

என் மகன் தெருவை ஒரு தடவை பார்த்தான். மரக்கடைக்காரரின் கிடங்கில் வண்டி ஓட்டுவதுதான் அவன் வேலை. "மரக்கடைக்காரருக்குத்தான்" என்றான்.

"மத்த ரெண்டு ஓட்டு?"

"அதேதான்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். கொடுத்தேன். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

அண்ணா, நான் இந்த வார்டின் வேட்பாளர். என் சொந்த ஓட்டு உங்கள் ஐம்பத்திரண்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் எட்டில் நானே இல்லை!

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். மகன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்க்க நின்றேன். அதைக் கேட்ட பிறகு தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டேன். அன்றிலிருந்து சாவி எங்கே, துண்டு எங்கே என்ற அளவில்தான் இருவரும் பேசிக்கொள்கிறோம். மருமகள் நடுவில் தபால்காரி வேலை பார்க்கிறாள்.

"வீட்டில் ஆண் எந்தப் பக்கமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும், பத்தொன்பது வயதில் எனக்கு வந்த தபால் ஞாபகத்துக்கு வந்தது. தலைநகரத்தில் மூன்று வருடச் செவிலியர் படிப்பு, இடம் உறுதி, சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். அப்பா படுக்கையில். பதில் எழுதியது நீங்கள். "எங்கள் வீட்டில் விருப்பமில்லை." எங்கள் வீட்டில்! நான் அந்த வீட்டில் எந்த அறையில் இருந்தேன் அண்ணா? பிறகு உள்ளூரிலேயே ஆறு மாதப் பயிற்சி, கடைசிவரை உதவிச் செவிலி. வேலையைப் பற்றி எனக்குக் குறையில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனதற்குக் கோபம் இருக்கிறது, நாற்பத்தேழு வருடமாக அப்படியே இருக்கிறது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் கணக்கு டீச்சரிடம் உங்கள் எண்ணை நான் சொல்லவில்லை. பதினாறாம் தேதி அவரே படித்துக்கொள்ளட்டும்.

தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

இம்முறை எண் போட்டு எழுத முடியவில்லை. எதை முதலாவதாக வைப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அலுவலகம் போய் நான்காம் வார்டுக் கட்டை அவிழ்த்தேன். இருநூற்றுப் பத்து வீடுகள், ஐந்நூற்று எண்பத்தேழு ஓட்டுகள். ஐந்தாம் பத்தியில் பதில் சொன்னவரின் விருப்பம். ஆறாம் பத்தியில் அந்த வீட்டில் மற்றவர்களுடையது. ஆறாம் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: மேற்படி, மேற்படி, மேற்படி. நூற்று எழுபத்தொரு வீடுகளில் பதில் சொன்னவர் ஆண். ஐந்நூற்று எண்பத்தேழு பேரைக் கேட்டதாக நினைத்து நான் சதவீதம் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது இருநூற்றுப் பத்துப் பேரை.

உன் வீட்டுப் படிவத்தையும் பார்த்தேன். மூன்று ஓட்டு. மேற்படி.

அந்த மனிதரைக் குறை சொல்லாதே. அவர் கையிலிருக்கும் விதிமுறைப் புத்தகத்தின் ஏழாவது விதி இது: "வீட்டிலுள்ள பிற வாக்காளர்கள் மாறுபட்ட கருத்துடையவர்கள் எனத் தெரிவிக்கப்படாவிடில், மேற்படி எனக் குறிக்கலாம்." இருபத்தெட்டு வருடத்துக்கு முன் துறையில் இருந்தபோது அதை எழுதியவன் நான்; இயக்குநர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்போது ஐம்பது வீடுகளில் சோதித்தும் பார்த்தோம். மனைவியரைத் தனியாகக் கேட்டு ஒப்பிட்டதில் நாற்பத்தேழு வீடுகளில் பதில் ஒத்துப்போயிற்று. நேற்று பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். "தனியாக" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே சிறியதாக எழுதியிருக்கிறது: கணவர் கதவருகே இருந்தார்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் கேட்டேன். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் இது முதல் முறை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பவும் நான் போடற ஆளுக்குத்தானே போடுவே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நினைச்சேன்."

"நினைச்சுக்கோங்க."

"போன தேர்தல்ல யாருக்குப் போட்டே?"

"அதைச் சொல்றதுக்கா திரை போட்டு மறைச்சு வச்சிருக்காங்க?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். "உங்க ஆளுக்கு ஒரே ஒரு தடவை போட்டிருக்கேன். ஜுரத்துல நீங்க எழுந்திரிக்க முடியாத வருஷம். உங்க ஓட்டு வீணாப் போகுதேன்னு."

மற்ற வருடங்களில் நாங்கள் ஒரே குடையில் சேர்ந்து போய், ஒருவர் ஓட்டை ஒருவர் அடித்துவிட்டு, சேர்ந்தே திரும்பி வந்திருக்கிறோம்.

இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சார், எல்லா ஊர்லயும் இதே முறைதான். நான்காம் வார்டை மட்டும் நிறுத்தினா பத்திரிகைக்காரங்க என்ன ஏதுன்னு துருவ மாட்டாங்களா? ஞாயித்துக்கிழமை வந்தாகணும்" என்றார். நான் "சரி" என்றேன். நான் அப்படித்தான் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். நானும் எதிர்பார்த்தேன்.

"எங்கள் வீட்டில் விருப்பமில்லை" என்று எழுதியதற்கு விளக்கம் எழுத மூன்று தாள்கள் வீணாயின. அப்பாவின் நோய், வீட்டு நிலைமை என்று எல்லாக் காரணங்களும் ஒழுங்காக வந்தன. உன்னைக் கேட்காததற்கு மட்டும் ஒரு காரணமும் வரவில்லை. அது தவறு, தங்கையே.

இப்போது உன் எண் என்ன என்று எனக்குத் தெரியாது. எட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டது. உண்மை எண் ஐந்தாகக்கூட இருக்கலாம். திங்கள் முதல் மூன்று நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 18
(கையில் கொடுத்தனுப்புவது)

அண்ணாவுக்கு,

இதைக் கொண்டுவருபவர் எங்கள் தெரு முடிதிருத்துபவர். குழுவில் ஒருவர். பதில் வாங்காமல் உங்கள் லாட்ஜ் அறையைவிட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னால் சொன்னபடி உட்காருவார்.

எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்து, என் தெருவை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றுகிறீர்களாம். சலவை ஆலைக் குடியிருப்பிலிருந்து ஒருத்தி வந்து சொன்னாள்.

"அக்கா, யாரோ ஒரு பெரியவர், குடையும் பையுமா. ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போன நேரமாப் பாத்து வந்தார். கதவைத் தட்டிட்டு அவரே பயந்து ரெண்டடி பின்னால போயிட்டார். 'தொந்தரவுக்கு மன்னிக்கணும், விருப்பமிருந்தா சொல்லுங்க, இல்லேன்னாலும் ரொம்ப நன்றி'ன்னு ஒரே மூச்சுல ஒப்பிச்சார். உட்காருங்கன்னா உட்காரவே மாட்டேன்னுட்டார்."

"என்ன கேட்டார்?"

"நான் யாருக்குப் போடுவேன்னு. 'வீட்டுக்காரர் இல்லையே'ன்னேன். 'அவரைக் கேக்கலைம்மா, உங்களைத்தான்'னார். என்னையாங்கன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன் அக்கா."

வாழ்நாளெல்லாம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். எப்படித் தட்டினீர்கள் அத்தனை கதவுகளை?

ஞாயிறு பத்திரிகையில் எட்டு கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. குழுவில் மூன்று பேர் விலகச் சொல்கிறார்கள். கணக்கு டீச்சர், "நேத்துவரைக்கும் கதவைத் திறந்தவங்க பேசினாங்க. இன்னைக்குத் திறந்ததும் 'ஐயோ பாவம்'னு பாக்கறாங்க. இந்த எட்டைத் தூக்கிக்கிட்டு எப்படி வீடு வீடாப் போறது?" என்கிறார். முடிதிருத்துபவர் மட்டும், "எட்டுன்னா எட்டு. எனக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தலை வந்தாலே திருப்திதான்" என்கிறார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நின்று தோற்றாலும் மருத்துவமனை போகும், விலகினாலும் போகும் என்று தோன்றுகிறது. மகன் பத்திரிகையை என் கண்ணில் படாமல் மடித்து அலமாரி மேல் வைத்தான். இந்த மாதத்தில் அவன் என்னோடு பேசிய பெரிய பேச்சு அதுதான்.

இன்னும் மூன்று நாள். உங்களிடம் இப்போது என்ன எண் இருக்கிறது? ஏன் வீட்டுக்கு வரவில்லை?

தங்கை


மார்ச் 19, லாட்ஜ்

அன்புத் தங்கைக்கு,

நேற்று மாலை உன் கடிதத்தைக் கொடுத்த முடிதிருத்துபவரை, இன்னும் ஒரு காலை வேளை பாக்கி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இன்று மதியம் வந்து என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதுவதையும் பார்க்கிறார், என் தலையையும் பார்க்கிறார். விரைந்து எழுதுகிறேன்.

வீட்டுக்கு வராததற்குக் காரணம்: வேட்பாளரைச் சந்தித்துவிட்டு ஒருவன் சொல்லும் எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். உன் வாசல் விளக்கை மட்டும் தெருமுனையில் நின்று பார்த்தேன். அது விதிக்கு உட்பட்டதுதான் என்று நினைக்கிறேன்.

1. எழுபத்தொரு பெண்களைத் தனியாகக் கேட்டேன். முப்பத்தொருவர் உன்னைச் சொன்னார்கள். மரக்கடைக்காரரைப் பதினைந்து பேர், வக்கீலை எட்டுப் பேர். பதினேழு பேர் "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்கள். அவர்களில் ஒருவர் என் குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

2. எழுபத்தொன்று போதாது. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு உன்னைச் சொன்னவர்களும் இருக்கலாம்.

3. ஆண்களைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் தங்கள் வாயால் சொன்னது ஐந்தாம் பத்தியில் இருக்கிறது. உனக்கு நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. ஆகவே நீ இரண்டாவதாக வரலாம், வெல்வது கடினம்.

4. நீ என்ன செய்வது நல்லது என்பதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. உனக்கு என்ன விருப்பம்? நின்றாலும் விலகினாலும் நான் உன் பக்கம். இதைக் கேட்க எனக்கு நாற்பத்தேழு வருடம் ஆயிருக்கிறது.

இன்னொன்று. ஏழாவது விதி தவறு, நான்காம் வார்டின் எட்டு என்ற எண் அந்தத் தவறிலிருந்து வந்தது, விதியை எழுதியவன் நான் என்று பத்திரிகைக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். வேட்பாளர் என் தங்கை என்பதையும் சேர்த்தே எழுதினேன். இன்று காலை தபால்பெட்டியில் போட்டாயிற்று. போட்டதும் பயம் வந்து, திரும்ப எடுக்க முடியுமா என்று துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல பெட்டி.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டேன். நாற்பத்து நான்கு ஓட்டு வித்தியாசம்.

உங்கள் கேள்வியை முடிதிருத்துபவர் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, குழுவிடம் போய், "எனக்கு நிக்கத்தான் விருப்பம்" என்றேன். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டிருக்கவில்லை. ஜெயிப்போமா தோற்போமா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பத்திரிகையில் உங்கள் கடிதம் வந்த அன்று டீச்சர் அதை வெட்டி எடுத்து, போகிற வீடுகளிலெல்லாம் வாசித்தார். "உங்களைக் கேக்காமலே உங்க ஓட்டை எழுதிட்டாங்களாம்மா" என்று அவர் சொன்னால் போதும், உள்ளே அடுப்படியில் இருப்பவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் இதைக் கேளுங்கள். எங்கள் ஊரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடி, எண்ணிக்கையும் தனித்தனி. பெண்கள் சாவடியில் எனக்கு எண்ணூற்று நாற்பத்தைந்து, மரக்கடைக்காரருக்கு எழுநூற்று எண்பத்தாறு. ஆண்கள் சாவடியில் எனக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றேழு, அவருக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு. டீச்சர் அங்கேயே கணக்குப் போட்டார். இரண்டு பக்கமும் எனக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு!

முடிதிருத்தும் கடையில் ஒருவர் சொன்னாராம்: "எங்க ரெண்டு பிள்ளைங்களையும் கையில வாங்குனது அந்தம்மாதான். அதையெல்லாம் ரோட்டுல நின்னு, அட்டை வச்சுக்கிட்டு வர்ற ஆள்கிட்ட சொல்லிக்கிட்டிருப்பாங்களா? மரக்கடை ஆளாயிருந்தா என்ன பண்றது?"

எண்ணிக்கை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மகன் வாசலில் நின்றான்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது..."

"தெரியும்டா. விடு."

"என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. எதிர்ல கிடங்கு மேஸ்திரி நின்னுக்கிட்டிருந்தார். அவர் காதுல விழணும்னு சொன்னேன். ஒண்ணரை மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையறீங்களே, ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை அண்ணா. உங்களை அத்தனை திட்டி எழுதிய நான், என் பிள்ளையின் பத்தியில் நானாகவே மேற்படி போட்டு வைத்திருந்தேன்.

இருபத்தெட்டாம் தேதி முதல் கூட்டம். மருத்துவமனைத் தீர்மானம் மறுபடி வாக்கெடுப்புக்கு வருகிறது. பதினொரு பேரில் நான் ஒருத்தி. இரண்டு உறுப்பினர்கள் தாமாகவே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மற்ற எட்டுப் பேரும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்புவதாக இல்லை. ஒவ்வொருவரையும் போய்க் கேட்கப்போகிறேன்.

இப்போது நான் வேட்பாளர் இல்லை. விதி ஒன்றும் தடுக்காதே? வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

இதில் நான்கு விஷயங்கள்.

1. வாழ்த்து. கடிதத்தை நின்றபடி படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். கூட்டலைச் சரிபார்த்தேன். நாற்பத்து நான்கு சரிதான்.

2. ஆண்களைப் பற்றி நான் எழுதியது பிழை. ஆறாம் பத்தியைச் சந்தேகித்தவன் ஐந்தாம் பத்தியை அப்படியே நம்பினேன். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரித்ததும் அதே ரகம். பழைய மூட்டையை அவிழ்த்துப் புது மூட்டை கட்டியிருக்கிறேன். பத்திரிகைக் கடிதம் வந்த அன்று இயக்குநர், "இனிமே வர வேண்டாம் சார்" என்றார். தேர்தல் முடிவு வந்த மறுநாள் போன் செய்து, "ஏழாவது விதியை நீங்களே திருத்தி எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்: ஒவ்வொருவரையும், மற்றவர் காதில் விழாத இடத்தில், தனியாக. முடியாத இடத்தில் பத்தியைக் காலியாக விடவும். இது செலவு பிடித்த விதி என்கிறார். இன்னும் "சரி" சொல்லவில்லை. இம்முறை நானும் சொல்லவில்லை.

3. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு மாலை உன் வீட்டில் இருப்பேன். திங்கள் நடக்கும் கூட்டத்தில் பார்வையாளர்களுக்கு இடமுண்டா என்று விசாரித்து வை. பின்வரிசை போதும்.

4. உன் அண்ணி வரவில்லை. எட்டு மணி நேரப் பயணம் அவள் முழங்காலுக்கு ஆகாது. உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

கடிதத்தை உறையில் போடும் முன் மேலே நான்காவது விஷயம் தவறு என்று எழுத வேண்டியிருக்கிறது. என் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தவள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். "ஆகாதுன்னு யார் சொன்னா? என்னைக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை, அன்பைச் சொல்லச் சொன்னதும் நானாக எழுதியதுதான். இப்போது கேட்டேன். இரண்டு டிக்கெட். ஜன்னலோரம் அவளுக்கு வேண்டுமாம்.

அண்ணன்